நான் ருசி பார்த்த குளம்

மகளே, எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, உன் சித்திக்கு என்மேல் கோபம், எனக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது. அதனால் அந்த வரியைத் தாண்டி நேரே விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. சென்னையிலிருந்து நீ போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறாய். "ஏன் சித்தப்பா, தை மாசம் பூரா வேணாம் வேணாம்னு சொல்லிட்டு, மாசியில திடீர்னு எப்படி சரின்னுட்டீங்க?" என்கிறாய். போனில் சொல்கிற சமாசாரமா அது? கடைத்தெரு பூத்தில் நான் பேச ஆரம்பித்தால் வெளியே ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருவனாவது 'சீக்கிரம் முடிங்க' என்று சொல்ல வேண்டுமே, மாட்டான். கதை கேட்டுக்கொண்டே நிற்பான். அதனால் எழுதுகிறேன். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. உன் அம்மா படிக்கட்டும், மாப்பிள்ளை படிக்கட்டும், உப்புப் பாத்திக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டே படிக்கட்டும்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன் என்று உன் சித்தி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். ஒன்பதாவது வகுப்பு என்னைத் தேடி வீட்டுக்கே வந்தது, அன்றைக்கு நான் பாத்தியில் இருந்துவிட்டேன், அவ்வளவுதான். படிப்பு குறைவே தவிர நாக்கு குறைவில்லை. ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்தால் அது எந்தப் பாத்தியில் விளைந்தது, எந்த மாதம் விளைந்தது, வாரியவன் வலது கைக்காரனா இடது கைக்காரனா என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன். ஒருமுறை ஒரு கலெக்டரே ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். வழிதான் கேட்டார் என்பாள் உன் சித்தி. எந்தப் பக்கம் போவது என்று கேட்பதும் யோசனை கேட்பதில் சேர்ந்ததுதான்.

உன் அப்பா, என் அண்ணன், நீ நாலாவது படிக்கும்போது போய்விட்டார். அதிலிருந்து உன் விஷயத்தில் நான் யாரையும் லேசில் நம்புவதில்லை. உனக்கு சென்னையில் வேலை கிடைத்தபோது அப்படி ஒரு கம்பெனி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க, உனக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்தேன். வாசலில் நின்று மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் என்னைத் திருடன் என்று நினைத்துத் தெருமுனை வரைக்கும் விரட்டினான். எனக்கு ஒரே சந்தோஷம். இப்படி விரட்டுகிறவன் வாசலில் இருந்தால் உள்ளே பெண் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள் என்று நிம்மதியாகத் திரும்பினேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என் குணம் அப்படி என்று நீ தெரிந்துகொண்டால்தான் மேலே எழுதுவது புரியும்.

சேகர் பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு உறுத்தியது. பையன் ஒல்லி, வெயிலில் கறுத்த முகம். அதிலெல்லாம் குறை இல்லை. ஆனால் பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் தலைக்கு மேலே எதையோ பார்க்கிறான். "என்னா வேலை தம்பி?" என்றேன். பாண்டிச்சேரிக்குள் நுழைகிற இடத்தில், வீடுகளுக்கு நடுவே, கம்பி வேலி போட்ட சின்னப் பறவைக் காப்பகம் ஒன்று இருக்கிறதாம். அதைப் பார்த்துக்கொள்கிறானாம். "அங்க என்னா விப்பீங்க?" என்றேன். "ஒண்ணும் விக்கறதில்ல மாமா. பறவை வரும், இருக்கும், போவும். ஜனங்க பாத்துட்டுப் போவாங்க" என்றான். விற்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நீ உள்ளேயிருந்து பிடிச்சிருக்கு என்று அம்மாவிடம் ஜாடை காட்டினாய். எனக்கும் தெரிந்தது. தெரியாத மாதிரி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான் பார், அதில்தான் என் தூக்கம் போனது. "உங்க பாத்தியில இந்த வருஷம் பறவை நெறைய எறங்குதா மாமா?" பெண் பார்க்க வந்தவன் நகை கேட்கலாம், வண்டி கேட்கலாம். பாத்தியில் பறவை இறங்குகிறதா என்று எவனாவது கேட்பானா? உன் அப்பா பங்குப் பாத்தி என் பங்குக்குப் பக்கத்திலேயே, கழிமுகத்து வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அது உன் பேரில் வரப்போவது. சுனாமி அலை வந்து போனதற்கு அப்புறம் நம் கடற்கரையில் என்ன நடந்தது என்று நீ அறிவாய். ஜீப்பில் வந்தார்கள், டேப் பிடித்து அளந்தார்கள், நல்ல திட்டம் என்றார்கள், நானே டீ வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் வேலி வந்தது, வேலிக்கு முன்னால் போர்டு வந்தது, நேற்று வரைக்கும் நாம் நடந்த பாதையில் இன்று நடக்காதே என்று எழுதியிருந்தது. இவனும் வேலி போட்ட இடத்திலிருந்து வருகிறவன். பறவை இறங்குகிறது என்று நான் சொல்லியிருந்தால், அந்த இடத்துக்கும் வேலி போட ஒரு வழி பார்த்து வைத்திருப்பான். பெண்ணைக் கட்டினால் பாத்தி சும்மா வருகிறதே. பையன் உன்னைப் பார்க்க வரவில்லை, உன் அப்பா பங்கைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அதற்கப்புறம் இன்னொரு நாள் அவர்கள் வீட்டாரை விருந்துக்குக் கூப்பிட்டோமே, அன்று நீ சென்னையில் இருந்தாய். உன் சித்தி கோழிக்கறியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி மிளகு போட்டு வறுத்திருந்தாள். இலையில் உட்கார்ந்ததும் பேச்சு பறவை பக்கம் போனது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? வாலிபத்தில் நான் ஒரே வீச்சில் வலை போட்டு நாற்பது உள்ளான் குருவி பிடித்த கதையைச் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். சேகர் மட்டும் வறுவலை இலை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டான். கைபடாத கறியைப் பார்த்து உன் சித்தியின் முகம் சுருங்கியது. எனக்கு அடுத்த சந்தேகம். வயிற்றில் புண்ணா? மறைக்கிற வியாதியா? இல்லை, நம் வீட்டுச் சாப்பாடு மட்டமா? அன்று ராத்திரியே உன் அம்மாவிடம், "அண்ணி, இந்த எடம் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அண்ணி பாவம், "நீங்க சொன்னா சரி" என்றார். நீ போனில் அழுதாய். நான் பூத்துக்காரனிடம் லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

வேணாம் என்று சொல்லிவிட்டால் காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் இல்லையா? அதைப் பிடிக்கத்தான் மாசியில் அந்தக் காப்பகத்துக்குப் போனேன். அடையாளம் தெரியக்கூடாது என்று பழைய பேன்ட்டைத் தேடி மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். உன் சித்தி, "நானும் வர்றேன், இல்லன்னா போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து உங்கள யாரு கூட்டியாறது?" என்று ஏறிக்கொண்டாள். பஸ் கீழ்புத்துப்பட்டு தாண்டும் வரை அவளுக்குத் திட்டத்தை விளக்கினேன். பொம்மையார்பாளையம் தாண்டும் வரை அவள் சிரித்தாள்.

இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் லாரி ஷெட், ஒரு பக்கம் கல்யாண மண்டபம், பின்னால் மாடி வீடுகளில் துணி காய்கிறது. நடுவே நம் பாத்திகளில் பாதிகூட இல்லாத ஒரு சதுப்பு, அதைச் சுற்றிக் கம்பி வேலி. கதவருகே ஒரு பெண் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். "பேரு சொல்லுங்க சார்" என்றாள். "ரிட்டயர்டு தாசில்தார், திண்டிவனம்" என்றேன். உன் சித்தி மெதுவாக, "எனக்குத் தெரியாம எப்ப ரிட்டயர்டு ஆனீங்க?" என்றாள். அந்தப் பெண் எங்கள் பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது தண்ணீர் பாட்டிலும் முறுக்கும்தான். முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டு, "போவும்போது வாங்கிக்குங்க, உள்ள போட்டா காக்கா சேரும்" என்றாள். பறவைக்காகவே வைத்திருக்கிற இடத்தில் காக்காய் வரக்கூடாதாம். என் சந்தேகம் இன்னும் முறுகியது.

மூங்கில் பரண் ஒன்று கட்டி, அதன் மேல் மூன்று காலில் நிற்கிற பெரிய தொலைநோக்கி வைத்திருந்தார்கள். ஏறினேன். யார் வீட்டு மாடியைப் பார்க்க வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவது என்று கண்ணை வைத்தேன். கண்ணாடியோடு வைத்ததால் முதலில் ஒரே இருட்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கையெட்டும் தூரத்தில் ஒரு நீளக்கால் குருவி, சிவப்புக் காலில் நின்றுகொண்டு, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னை உற்றுப் பார்க்கிறது. அதுவும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தது. சத்தியமாக, எனக்கு முன்னால் அது கண்ணை எடுக்கவில்லை. உன் சித்தி பார்த்துவிட்டு, "அய்யோ, எம்மாம் அழகுங்க! நம்ம பாத்தியில இது வந்தா நான் கல்ல எடுத்துல்ல போட்டிருக்கேன்" என்றாள். அழகில் மயங்க நான் வரவில்லை. பரணிலிருந்து இடத்தை முழுதாகப் பார்த்தேன். பார்த்ததும் என் உடம்பு சிலிர்த்துவிட்டது.

குளம் என்றா நினைத்தாய்? மூன்று பாத்தி! நடுவே வரப்பு, வரப்பில் மடை, மடையில் பலகை. கழியிலிருந்து தண்ணீர் வர ஒரு வாய்க்கால். கடைசிப் பாத்தியின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்துப் போயிருக்கிறது. ஒருவன் முழங்கால் தண்ணீரில் நின்று பலகை போன்ற ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் வேறு யார் பார்த்தாலும் பறவைக் குளம் என்று போயிருப்பார்கள். உப்பிலேயே பிறந்தவனை ஏமாற்ற முடியுமா? "பாத்தியாடி? வேலிக்குள்ள திருட்டு உப்பு வெளையுது. மேல குருவிய நிக்க வச்சு கீழ உப்ப வார்றானுங்க" என்றேன். உன் சித்திக்கே முகம் மாறியது. அவளும் பாத்தியில் பாடுபட்டவள்தானே, கண்ணுக்குத் தெரிந்ததை இல்லை என்று சொல்ல அவளாலும் முடியவில்லை.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பு வழியாகக் கடைசிப் பாத்திக்குப் போனேன். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. ஆனால் நம் பாத்தியில் முற்றின தண்ணீர் நாக்கைச் சுருட்டுமே, அந்தக் காரம் இல்லை. இன்னும் உள்ளே தள்ளி ஒரு கை அள்ளிக் குடித்தே பார்த்தேன். ஏதோ பாசி நாற்றமும் பறவை எச்சமும்தான் தெரிந்தது. இன்னும் முற்றவில்லை, முற்ற வைக்கிறார்கள் என்று நினைத்தேன். எந்தப் பாத்தியிலிருந்து எதற்குத் தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் ஆதாரம் கைக்கு வந்தது. மடைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலுக்குப் பாய்ந்தது.

"யாருய்யா அது? கைய எடு! மடையிலேர்ந்து கைய எடுய்யா!" தண்ணீரில் நின்றவன் பலகையைப் போட்டுவிட்டுச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஓடி வந்தான். வந்த வேகத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியென்றால் பிடி, உன் சித்தப்பா கபடியில் ஜில்லாவையே தூக்கி எறிந்தவன், எனக்கே கை மரத்துப்போனது. துண்டு அவிழ்ந்தது, கண்ணாடி சேற்றில் விழுந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நம் சேகர்.

"மாமா?"

"மாமாதான். கைய வுடு தம்பி."

அவன் விடவில்லை. "பலகைய வைங்க மாமா."

"இரு. மொதல்ல நான் ஒண்ணு கேக்கணும்."

"எதுவா இருந்தாலும் அப்புறம் கேளுங்க. தண்ணி போவுது. பலகைய வைங்க."

"நான் யாருன்னு தெரியுதில்ல? ஒனக்குப் பொண்ணு குடுக்கறதா வேணாமான்னு சொல்ல வேண்டியவன் நான்."

"தெரியுது. வேணாம்னு சொல்லிட்டீங்கன்னும் தெரியும். இன்னொரு தரம் வேணாம்னு சொல்லிக்குங்க. இப்ப பலகைய வைங்க."

அவன் குரல் உயரவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் பலகையை வைத்தேன். பலகை உட்கார்ந்ததும் இடுக்கில் தண்ணீர் கசிந்தது. சும்மா விட்டுவிட்டுப் போக உப்புக்காரன் கை கேட்குமா? களிமண்ணை எடுத்துப் பிசைந்து இரண்டு பக்கமும் அப்பி மிதித்தேன். அவன் குனிந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். "இங்க இன்னும் வருது" என்றான். என்னைப் பார்த்து! மடை கட்டுவதில் நம் மரக்காணமே என்னிடம் பாடம் கேட்கும். பார்த்தேன், உண்மையிலேயே ஒரு ஓரத்தில் கசிந்தது. இன்னொரு பிடி மண் வைத்து அடைத்தேன்.

"போன மாசம் யாரோ வந்து இதத் தொறந்து வுட்டுட்டாங்க மாமா. விடிஞ்சு பாத்தா ஒரே சேறு. இந்த எடம் காஞ்சு கெடந்தா, தரிசுன்னு சொல்லி பிளாட்டு போட ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க. கண்ணாடி போட்டுக்கினு, தலையில துண்டு கட்டிக்கினு, பாதைய வுட்டு எறங்கி மடைய தொட்டா நான் என்னான்னு நெனைக்கறது?"

"நீ உப்பு காய்ச்சறன்னு நெனச்சேன்" என்றேன்.

அதற்குள் வரப்புக்கு வந்துவிட்ட உன் சித்தி பின்னால் நின்று சேலையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் அவன் சொன்னான், நீளக்கால் குருவிக்கு ஒரு ஆழம், குட்டைக்கால் குருவிக்கு ஒரு ஆழம் வேண்டுமாம், அதற்குத்தான் வரப்பு. இழுத்துக்கொண்டிருந்தது பாசி. ஓரத்தில் பூத்த வெள்ளை வெயிலுக்குத் தானாகப் பூத்தது. அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். கழித் தண்ணீர் தேங்கினால் பூக்காமல் இருக்குமா? ஆனால் நான் விடவில்லை. "சரி, அது கெடக்கட்டும். எங்க பாத்தியில பறவை எறங்குதான்னு ஏன் கேட்ட? எங்க பொண்ணு பங்குமேல கண்ணு வச்சுதானே?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "இந்த வருஷம் இங்க உள்ளான் கொறஞ்சுபோச்சு. எங்க போச்சுன்னு தேடிக்கினு இருந்தேன். உங்க பக்கம் எறங்குதோன்னு கேட்டேன். அப்புறம் விருந்துக்கு வந்தப்ப, ஒரே வீச்சுல நாப்பது புடிச்சேன்னு சொன்னீங்க. சொல்லி முடிக்கறதுக்குள்ள வறுவல் வந்துது. துண்டு துண்டா, சின்னதா இருந்துது" என்று நிறுத்தினான்.

புரிந்ததும் உன் சித்திக்கு வந்ததே கோபம்! "அடப்பாவி, அது பிராய்லர் கோழிடா! கடையில என் கண்ணு முன்னாடி உரிச்சுக் குடுத்தான்! மாப்பிள்ள வர்றாருன்னு எலும்பு எல்லாம் எடுத்து நறுக்கினேன். உள்ளான்னு நெனச்சியா நீ?" என்று கத்தினாள். பறவையெல்லாம் எழும்பிப் பறந்துவிட்டது. அவன் பயந்து, "மெதுவா பேசுங்க அத்த" என்றான், அதிலும் பறவைக்குத்தான் பயந்தான், அவளுக்கு இல்லை. அப்புறம் அவள் என் பக்கம் திரும்பினாள். "இவரு பேச்ச நம்பினியே, உன்னச் சொல்லணும். வலைய வீசினது நெசம். அதுல வுழுந்தது இவரு செருப்பு." அதுதான் நடந்தது, மகளே. மறுக்க மாட்டேன். ஆனால் நாற்பது பறவை அன்று அங்கே இருந்தது, அது பொய்யில்லை.

வாசல் வரைக்கும் கூட வந்தான். வழியனுப்ப வந்தான் என்கிறாள் உன் சித்தி. வெளியே போகிறேனா என்று பார்க்க வந்தான் என்கிறேன் நான். முறுக்கைத் திரும்ப வாங்கிக் கொடுத்தான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, கெஞ்சவில்லை, கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "கைய முறுக்கிட்டான். இவனுக்காடி பொண்ணு? அவ பங்குக்குத்தான் வர்றான், நான் சொல்றேன் பாரு" என்றேன். உன் சித்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தப் பங்குல இப்ப உப்பு வார்றது யாரு?"

"யாரு? நான்தான்."

"அந்தப் பங்கு எதுலேர்ந்து எதுவரைக்கும்னு இன்னைக்கு உங்களால காட்ட முடியுமா?"

காட்ட முடியாது, மகளே. உன் அப்பா போனதும், இரண்டு பங்குக்கும் தண்ணீர் தனித்தனியாக விடுவது கஷ்டம் என்று நடு வரப்பை நான்தான் கலைத்தேன். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று செய்தது. வேறு எண்ணம் கிடையாது. அப்புறம் அலை கொண்டுவந்து போட்ட சேற்றில் எல்லைக் கல்லும் போய்விட்டது. விளைந்ததில் உன் படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் கொடுத்தேன், அது உனக்கே தெரியும். ஆனால் அது உன் பங்கில் விளைந்ததா, என் பங்கில் விளைந்ததா என்று கேட்டால், ஒரே பாத்தியாகக் கிடக்கும்போது யாருக்குத் தெரியும்?

"இத சேகரு கேக்கல. நல்ல புள்ள, கேக்க மாட்டான். ஊர்ல கேக்கறாங்க, உங்க காதுல வுழல, அவ்ளோதான். பொண்ணுக்குக் கல்யாணம் ஆவாத வரைக்கும் பாத்தி ஒண்ணா இருக்கும், அதான் வர்ற மாப்பிள்ளைக்கெல்லாம் குத்தம் கண்டுபுடிக்கறாருன்னு பேசறாங்க" என்றாள்.

"நீ அப்படி நெனைக்கறியா?"

"நான் நெனைக்கல. நீங்க நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். சத்தியமாக அந்த எண்ணம் எனக்கு இல்லை என்று எனக்குள்ளேயே சத்தம் போட்டேன். ஆனால் இதற்கு முன் வந்த வரன்களை ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒருவனுக்கு மூக்கு நீளம் என்றேன், ஒருவன் கையெழுத்து சரியில்லை என்றேன், ஒருவன் அப்பா என்னைவிட அதிகம் பேசுகிறார் என்றேன். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவன் நான். என் நாக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டு நடு வரப்பைத் திரும்பப் போட ஆரம்பித்தேன். உப்பு விளைகிற பருவத்தில் பாத்தியை வெட்டினால் யாருக்குத்தான் வேடிக்கையாக இருக்காது? பக்கத்துப் பாத்திக்காரன், "இன்னாண்ணே, வூட்டுல சண்டையா? நடுவுல வரப்பு போட்டு அண்ணிய அந்தப் பக்கம் வக்கப் போறியா?" என்று கத்தினான். "டேய், இது என் அண்ணன் பங்குடா" என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். அவன் நிறுத்திய விதத்திலேயே ஊர் என்ன பேசியிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் போய், "அண்ணி, சேகருக்கே குடுத்துடலாம்" என்றேன். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. நீ கேட்கிறாய், அதனால் சொல்கிறேன். அவனுக்கு உன்னைக் கட்டவேண்டும் என்று ஆசை இருந்தது. கொடுப்பதும் மறுப்பதும் என் கையில் இருப்பதும் அவனுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் இளித்துக்கொண்டு, "பரவால்ல மாமா, தொறந்து பாருங்க" என்று சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாக வந்திருப்பேன், உன்னைக் கொடுத்திருக்கவும் மாட்டேன். பாசி நாறும் ஒரு குட்டைக்காகக் கல்யாணமே போனாலும் போகட்டும் என்று பலகையை வை என்றானே, அவனிடம் வஞ்சம் இருக்க இடமில்லை. வாய் இல்லை, நயம் இல்லை, வறுவலைக் கோழி என்று நம்பத் தெரியவில்லை. அதெல்லாம் நீ பார்த்துக்கொள்.

உனக்கு நான் சொல்வது இதுதான். அவன்மேல் சந்தேகம் வந்தால் வரட்டும், வராது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்த அன்றைக்கே நேராகக் கேட்டுவிடு. என்னைப் போலக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஏறாதே, அவனைப் போல ரசத்தை ஊற்றிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளவும் விடாதே. உன் அப்பாவின் பங்கு உன் பேரிலேயே இருக்கட்டும். அவன் கேட்டாலும் எழுதிக் கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே. நாளைக்கு வயதாகி, புத்தி தடுமாறி, இதெல்லாம் ஒரே பாத்திதானே என்று நான் பேச ஆரம்பித்தால், இந்தக் கடிதத்தை எனக்கே படித்துக் காட்டு.

வரப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடித்தால் எனக்கு மனது கேட்காது. எல்லைக் கல் இல்லாததால் கண் மதிப்பில்தான் கயிறு பிடித்தேன். நான் ஒரு முனை, வேலை செய்கிறவன் ஒரு முனை. நடுவில் சரியாகத்தான் பிடித்தேன் என்று நினைத்தேன். அவன், "அண்ணே, கயிறு அந்தப் பக்கம் சாயுது" என்றான். அந்தப் பக்கம் என்றால் உன் பக்கம். நகர்த்திப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சாயுதுண்ணே" என்றான். என் கையை நானே பார்த்தேன். அதற்கப்புறம் கயிற்றை என் பங்குக்குள் நன்றாகத் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, அங்கேயே மண்ணைப் போட்டு மிதித்துவிட்டேன். உன் சித்தி அதைப் பெருந்தன்மை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அவளைத் திருத்தவில்லை, வாழ்க்கையில் அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. உன்னிடம் மறைக்க மாட்டேன், அது பெருந்தன்மை இல்லை. என் கண்ணை நான் நம்பவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நீயே அளந்து பார். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, அவன் நேரில் பார்க்காமல் நம்பவே மாட்டான்.

இப்படிக்கு, கை வலியோடு,
உன் சித்தப்பா